மெலமைன் பலகையின் முகமும் ஓரமும்

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, அடையாற்றுக்கு அருகில் தரைத்தளத்தில் குடியிருந்த என் தங்கையின் வீட்டிலும் முழங்கால் அளவுக்கு நீர் புகுந்தது. இரண்டு நாள் நின்று வடிந்தது. சேற்றை வாரிக் கொட்டப் போனவர்களில் நானும் ஒருவன். கூடத்தில் இரண்டு அலமாரிகள் இருந்தன. ஒன்று எங்கள் தாத்தா காலத்துத் தேக்கு அலமாரி. மற்றொன்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, வெள்ளை வெளேரென்ற மெலமைன் பலகை அலமாரி.

தேக்கு அலமாரியின் கதவு உப்பிக்கொண்டு திறக்க வரவில்லை. பொங்கல் கழிந்து போனபோது அது பழையபடி திறந்து மூடியது. வெள்ளை அலமாரியின் அடிப்பகுதியோ, டீயில் நனைத்த பிஸ்கட்டைப் போல் ஊதி, ஓரங்களில் வெடித்து, விரலால் நிமிண்டினால் தூளாக உதிர்ந்தது. காய்ந்த பிறகும் அது அப்படியே இருந்தது. ஆனால் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்ததும் அதன் முகப்பு கடையில் பார்த்த நாளைப் போலவே பளபளத்தது! கறை இல்லை, நிறம் மங்கவில்லை. இரண்டு நாள் வெள்ளத்தில் நின்றும் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்த பலகை மட்டும் செத்துப்போயிருந்தது.

இன்று நம் வீடுகளில் படுக்கையறை அலமாரி, படிக்கும் மேசை, சமையலறைப் பெட்டிகள் எனப் பலவும் இந்தப் பலகையால் ஆனவை. கடைகளில் 'ப்ரீலாம் போர்டு' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். இது என்ன பொருள், எங்கே வலியது, எங்கே எளியது என்பதைக் காண்போம்.

தோலும் சதையும்

பலகையின் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பு நிறத்தில் மரச் சில்லுகள் நெருக்கமாக ஒட்டிக் கிடக்கும். இதுவே துகள் பலகை. தச்சர்கள் 'பார்ட்டிகிள் போர்டு' என்பார்கள். நடுவில் பெரிய சில்லுகளும், இரு பக்கங்களிலும் மாவு போன்ற நுண்ணிய சில்லுகளும் இருப்பதைக் கண்ணாலேயே காணலாம். அதன்மேல் இருபுறமும் மெல்லிய தோல் ஒன்று படிந்திருக்கும். அதுதான் மெலமைன். சாதாரணமாக நாம் வாங்கும் பலகை 18 மி.மீ. தடிமன் உள்ளது. இரு பக்கத் தோலையும் சேர்த்தால்கூட அரை மில்லிமீட்டர் வராது. ஆக, 'மெலமைன் பலகை' என்று நாம் சொல்வதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் மரத்தூளும் பசையுமே!

முதலில் தோலைப் பார்ப்போம். மெலமைன் என்பது ஒரு வெண்ணிறப் படிகப் பொருள். ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக் 1834இல் இதனைத் தயாரித்தார். மூன்று கார்பன் அணுக்களும் மூன்று நைட்ரஜன் அணுக்களும் மாறி மாறி அமைந்த அறுகோண வளையம், வளையத்தின் ஒவ்வொரு கார்பனிலும் ஒரு அமினோ தொகுதி: இதுவே அதன் மூலக்கூறு. மூலக்கூறு எடை 126; அதில் நைட்ரஜனின் பங்கு 84. அதாவது மூன்றில் இரு பங்கு நைட்ரஜன். (பாலில் உள்ள புரதத்தை நைட்ரஜனின் அளவைக் கொண்டு கணக்கிடும் முறை ஒன்று உண்டு. 2008இல் சீனாவில், நீர் கலந்த பாலில் புரதம் நிறைய இருப்பதாகக் காட்ட மெலமைனைக் கலந்தார்கள். ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. நல்ல பொருளும் தவறான கையில் நஞ்சாகும் என்பதற்கு இது ஒன்றே போதும்.)

மெலமைன் மூலக்கூறில் மூன்று அமினோ தொகுதிகள், அவற்றில் ஆறு ஹைட்ரஜன் அணுக்கள். ஃபார்மால்டிஹைடுடன் சேர்த்துச் சூடாக்கினால், இந்த ஆறு இடங்களும் ஆறு கைகளைப் போல் வேலை செய்கின்றன. ஒவ்வொரு கையும் பக்கத்து மூலக்கூறைப் பற்றிக்கொள்ள, இடையில் நீர் மூலக்கூறுகள் வெளியேறுகின்றன. பாலித்தீனில் மூலக்கூறுகள் நூல் நூலாகக் கிடக்கின்றன. சூடாக்கினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உருகுகின்றன. மெலமைன் பிசினிலோ நூல் என்பதே இல்லை. மேலும் கீழும் பக்கவாட்டிலும் பின்னிய ஒரே வலை அது. வலையில் எந்தக் கண்ணியும் நகர முடியாது, ஆகவே உருகாது. இட்லி மாவு வெந்து இட்லியான பின் மறுபடி மாவாவதில்லை அல்லவா? அதே கதைதான். இத்தகையவற்றை வெப்பத்தால் இறுகும் பிளாஸ்டிக் என்பர்.

இதில் இன்னொரு வசதி, இந்தப் பிசினுக்கு நிறம் இல்லை. 1907இல் பேக்லண்டு கண்டுபிடித்த பேக்லைட் நல்ல உறுதியான பிளாஸ்டிக்தான். ஆனால் கறுப்பு அல்லது அடர்பழுப்பு நிறத்தில்தான் கிடைத்தது. பழைய மின்விளக்கு ஸ்விட்சுகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பிசினில் தோய்த்த தாள்களை அழுத்தி மின்காப்புத் தகடு செய்யும் வழியை 1912 அளவில் அமெரிக்காவில் ஓ'கானர், ஃபேபர் என்ற இரு பொறியியலாளர்கள் கண்டார்கள். அதுவரை மின்காப்புக்குப் பயன்பட்டது அப்ரகம், அதாவது மைக்கா. அதற்குப் பதிலானது என்னும் பொருளில் 'ஃபார் மைக்கா' என்ற சொற்களைச் சேர்த்து 'ஃபார்மைக்கா' என்று பெயரிட்டார்கள். 1938 முதல் மேல்தாளுக்கு மெலமைன் பிசினைப் பயன்படுத்தத் தொடங்கியதும் வெள்ளை, மஞ்சள், மரவரி என எந்த நிறமும் சாத்தியமாயிற்று. தொழிற்சாலைப் பொருள் சமையலறைக்குள் நுழைந்தது. நம் ஊர்த் தச்சர்கள் இன்றும் 'மைக்கா ஒட்டவேண்டும்' என்கிறார்கள். அவர்கள் ஒட்டும் தகட்டில் ஒரு துளி அப்ரகமும் கிடையாது!

அப்படித் தனித் தகடாகச் செய்து பின்னர் ஒட்டுவது ஒரு முறை. நாம் பேசும் பலகையில் தனித் தகடு இல்லை. மரவரி அச்சிட்ட தாளை மெலமைன் பிசினில் தோய்த்து, பிசின் அரைவேக்காடாக இருக்கும்போதே உலர்த்துகிறார்கள். அந்தத் தாளைத் துகள் பலகையின் மேலும் கீழும் வைத்து, ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோகிராம் அளவான அழுத்தத்தில் அமுக்குகிறார்கள். அரை நிமிடத்துக்குள் பிசின் இளகி, பரவி, பலகையைப் பற்றி, வலையாக இறுகிவிடுகிறது. எட்டடிக்கு நாலடிப் பலகையின் பரப்பு சுமார் 30,000 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் மொத்த விசை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள்: 750 டன் எடைக்குச் சமம்!

உங்கள் வீட்டு அலமாரியில் தெரியும் தேக்கு வரிகள் ஒரு புகைப்படமே. ஒரு கதவில் உள்ள முடிச்சு அடுத்த கதவிலும் அச்சாக அப்படியே வருகிறதா என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் அகப்படும்.

இருபுறமும் ஏன் தாள் ஒட்டவேண்டும்? உட்புறத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? மெலமைன் இறுகும்போது சற்றே சுருங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால், அந்தப் பக்கம் இழுக்க, பலகை வில்லாக வளையும். சூடாக்கிய ஈருலோகப் பட்டை வளைவதை ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள், அது போலத்தான். இருபுறமும் ஒட்டினால் இரண்டு இழுப்புகளும் ஈடுசெய்துகொள்கின்றன.

இந்தத் தோல் சூடான தேநீர்க் கோப்பைக்கு அசையாது. எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள்தூள், மை எதுவும் எளிதில் ஊறாது. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேராக வைத்தால் வெளுத்துக் கொப்பளிக்கலாம். தேய்ப்பதற்கு மணலோ சாம்பலோ கூடாது. மணலில் உள்ள குவார்ட்ஸ் இதைவிடக் கடினமானது.

நீர் நுழையும் வழி

இனி சதையைப் பார்ப்போம். 1930களில் ஜெர்மனியில் ஹிம்மல்ஹெபர் என்பவர், மரம் அறுக்கும்போது வீணாகும் சில்லுகளைப் பசையிட்டு அழுத்திப் பலகையாக்கும் முறைக்கு வடிவம் கொடுத்தார். அருமையான யோசனை என்றே சொல்வேன். ஒரு மரத்தை அறுத்தால் பலகையாகத் தேறுவது ஒரு பகுதிதான். மீதியையும் பயனாக்குவது நல்லதுதானே! நம் நாட்டில் கரும்புச் சக்கையிலும் இத்தகைய பலகை செய்கிறார்கள்.

சில்லுகளை ஒட்டப் பெரும்பாலும் பயன்படுவது யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசின். மெலமைன் பிசினுக்கு இது ஒரு மலிவான தம்பி. நீரும் வெப்பமும் சேர்ந்தால் இதன் பிணைப்புகள் மெல்ல அறுபடும். அது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை பௌதிகத்தில் இருக்கிறது.

மரம் நீரை உறிஞ்சினால் பருக்கும்; நீர் போனால் சுருங்கும். இது போய் வரும் மாற்றம். தாத்தாவின் தேக்கு அலமாரி பொங்கலுக்குப் பின் திறந்தது இதனால்தான். துகள் பலகையில் இருக்கும் சில்லுகளோ, அவற்றின் இயற்கையான அளவில் இல்லை. இலேசான மரத்தின் சில்லுகளைப் பெரும் அழுத்தத்தில் நசுக்கி, ஒரு கன மீட்டருக்கு 650 கிலோகிராம் அளவுக்கு அடர்த்தியாக்கி, அந்த நிலையிலேயே பசையால் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அமுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் நுழைந்ததும் சில்லு மென்மையாகிறது, பசை தளர்கிறது, நசுங்கிய சில்லு தன் பழைய உருவுக்குத் திரும்புகிறது. பக்கத்துச் சில்லோடு இருந்த ஒட்டு பிய்கிறது. பிறகு நீரை உலர்த்தினால் மரம் சுருங்கும் அளவுக்குச் சுருங்குமே தவிர, மறுபடி நசுங்குமா? அதற்கு அந்த நூற்றுக்கணக்கான டன் விசை வேண்டுமே! ஆகவே ஊதிய பலகை ஊதியதுதான்.

முகம் நீரை விடுவதில்லை. அப்படியானால் நீர் போகக்கூடிய வழி ஓரம் ஒன்றே. 60 செ.மீ.க்கு 45 செ.மீ. அளவுள்ள பத்துப் பலகைகளால் ஒரு பெட்டி செய்வதாகக் கொள்வோம். ஒவ்வொன்றின் சுற்றளவு 2.1 மீட்டர், மொத்தம் 21 மீட்டர் ஓரம். அதன் பரப்பு 0.38 சதுர மீட்டர். முகங்களின் பரப்போ 5.4 சதுர மீட்டர். நூற்றுக்கு ஏழு பங்குகூட இல்லாத இந்த ஓரமே பெட்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இதற்காகத்தான் ஓரங்களில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டுகிறார்கள். தச்சர்கள் 'எட்ஜ் பேண்ட்' என்பது இதையே. ஆனால் கண்ணுக்குத் தெரியும் முன் ஓரத்தில் மட்டும் ஒட்டிவிட்டு, தரையைத் தொடும் அடி ஓரத்தையும், சுவர்ப்பக்க ஓரத்தையும் அப்படியே விட்டுவிடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் நம் வழக்கத்துக்கு அடி ஓரமே முக்கியம்! பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய்க்காகத் துளைக்கும் வட்டமும் ஓர் ஓரம்தான். அங்கே யாரும் பட்டை ஒட்டுவதில்லை.

வெள்ளத்துக்குப் பின் தங்கையின் வீட்டுக்கு வந்த முதிய தச்சர் ஒருவர், ஊதிய பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இது மேலே தண்ணி குடிக்காது. ஓரத்திலே குடிக்கும். அடியிலே நாலு கால் வைச்சு, ஓரம் பூரா அடைச்சிருந்தா, நித்தம் தரை கழுவற தண்ணிக்கு இது பாட்டுக்கு நிக்கும். வெள்ளத்துக்கு ஒண்ணும் நிக்காது." அவர் சொன்னதில் நான் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை.

பச்சை நிற நடுப்பகுதியுள்ள பலகைகளைக் கடையில் காட்டுவார்கள். பச்சைச் சாயத்துக்கு நீரைத் தடுக்கும் ஆற்றல் கிடையாது. அது வெறும் அடையாளம். அதில் பசையோடும் சிறிது மெலமைன் சேர்த்திருப்பதால் ஈரத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். தாங்கும் என்றால் ஊறப் போடலாம் என்று பொருளில்லை. தொட்டிக்குக் கீழே வைக்க என்னைக் கேட்டால், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட்டையே சொல்வேன்.

தொய்யும் தட்டு

நீர் படாத புத்தக அலமாரியிலும் ஒரு குறை வரும். சில ஆண்டுகளில் தட்டு நடுவில் தொய்ந்துவிடும். தேக்கின் யங் குணகத்தில் நான்கில் ஒரு பங்கு அளவுதான் துகள் பலகைக்கு. சதுர மீட்டருக்கு சுமார் 2.5 × 10⁹ நியூட்டன் என்று கொள்ளலாம். இரு முனைகளில் தாங்கிய சட்டம் சீராகப் பரவிய பாரத்தால் தொய்யும் அளவு, நீளத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும், தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். 30 செ.மீ. அகலம், 18 மி.மீ. தடிமன் உள்ள தட்டில் மீட்டருக்கு 25 கிலோகிராம் புத்தகம் அடுக்கினால், 60 செ.மீ. நீளத் தட்டு நடுவில் 1.2 மி.மீ. தொய்யும். 90 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 6 மி.மீ.; 120 செ.மீ. என்றால் 18 மி.மீ.க்கும் மேல், அதாவது பலகையின் தடிமன் அளவுக்கே! நீளம் இரு மடங்கானால் தொய்வு பதினாறு மடங்கு. இது முதல் நாள் கணக்கு. ஓயாத பாரத்தில் ஆண்டுக்கணக்கில் இந்தத் தொய்வு மெல்ல வளர்ந்துகொண்டே போகும். எனவே தட்டின் நீளத்தை 60 செ.மீ.க்குள் நிறுத்துவதும், இல்லையேல் நடுவில் ஒரு தாங்கு கொடுப்பதும் நல்லது.

புதிய அலமாரியின் நெடி

புது அலமாரியைத் திறந்தால் கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி வருமே, அது ஃபார்மால்டிஹைடு. துகள்களை ஒட்டிய பசையிலிருந்து சிறுகச் சிறுக வெளியாகும் வாயு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. உலகச் சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இது இருக்கலாகாது என்கிறது.

2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரினா புயலில் வீடிழந்தவர்களுக்கு அரசு இழுவை வீடுகளைக் கொடுத்தது. உள்ளே சுவரும் அலமாரியும் மலிவான மரப் பலகைகளால் ஆனவை. குடியிருந்தோர் கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல் என்று முறையிட்டார்கள். 2007 இறுதியில் தொடங்கி 519 வீடுகளில் அளந்து பார்த்ததில், காற்றில் நூறு கோடிப் பங்குக்கு சராசரியாக 77 பங்கு ஃபார்மால்டிஹைடு இருந்தது. சில வீடுகளில் இதைப் போலப் பல மடங்கு. 2010இல் அந்நாடு மரப் பலகைகளிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடுக்கு வரம்பு கட்டிச் சட்டம் இயற்றியது.

இந்த வாயுவையும் மெலமைன் தோல் தடுத்து நிறுத்துகிறது. அப்படியானால் எங்கே கசிகிறது? பட்டை ஒட்டாத ஓரத்திலும், திருகுக்காகத் துளைத்துப் பயன்படுத்தாமல் விட்ட துளைகளிலும்தான். நீர் உள்ளே போகும் அதே வாசல் வழியாகத்தான் வாயு வெளியே வருகிறது. வெப்பமும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். நாளாக நாளாகக் குறையும். பலகை வாங்கும்போது 'இ-1' வகை என்ற குறிப்பு உள்ளதா என்று கேளுங்கள். கசிவு குறைந்த பலகை அது. புது அலமாரியைச் சில வாரங்கள் திறந்து வைத்து, சன்னலையும் திறந்து வைக்கவேண்டும். அந்த அறையில் கைக்குழந்தையைப் படுக்க வைக்கவேண்டாம்.

நீங்களே செய்து பாருங்கள்

தச்சுப் பட்டறையில் கேட்டால் மெலமைன் பலகையின் கழிவுத் துண்டுகள் கிடைக்கும். 5 செ.மீ. சதுரமாக மூன்று துண்டுகளை வெட்டித் தரச் சொல்லுங்கள். முதல் துண்டை அப்படியே விடுங்கள். இரண்டாவதன் நான்கு ஓரங்களிலும் உருகிய மெழுகுவர்த்தியை இடைவெளி இல்லாமல் பூசுங்கள். மூன்றாவதில் ஓரத்தை மூடிவிட்டு, முகத்தில் ஓர் ஆணியால் ஆழமாக ஒரு துளை இடுங்கள். ஒவ்வொன்றின் எடையையும், ஓரத்திலும் நடுவிலும் தடிமனையும் வெர்னியர் அளவியால் அளந்து எழுதிக்கொண்டு, மூன்றையும் ஒரு நாள் முழுதும் நீரில் அமிழ்த்தி வையுங்கள். மிதக்காமல் இருக்க மேலே ஒரு கல்லை வையுங்கள். எடுத்துத் துடைத்து மறுபடி அளவிடுங்கள். பின்னர் நிழலில் ஒரு வாரம் உலர்த்தி மூன்றாம் முறை அளவிடுங்கள். எடை ஏறக்குறையப் பழைய அளவுக்கு வந்த பிறகும் தடிமன் வராமல் நிற்பதை முதல் துண்டில் காண்பீர்கள். மூன்றாவது துண்டில் வீக்கம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் கவனித்து எழுதுங்கள். அதே அளவுள்ள ஒரு தேக்குத் துண்டு கிடைத்தால் அதையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதனை முடிந்ததும் மிஞ்சிய துண்டுகளை வெந்நீர் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். மெலமைன் எரியும்போது வெளிவரும் புகையில் ஃபார்மால்டிஹைடுடன் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும்.